திங்கட்கிழமைச் சுவர்

குண்டு மேஸ்திரி என்ற பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. ஆள் ஒட்டடைக்குச்சி. சட்டை உடம்பில் போட்டதுபோல் இருக்காது, ஆணியில் மாட்டியதுபோல் தொங்கும். அந்தச் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு தூக்குக்குண்டு கிடக்கும். நூலில் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற பித்தளைக் குண்டு. அது பையிலிருந்து பெயருக்கு ஏறிக்கொண்டது. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது.

அவர் வேலை பார்த்தது ஒரு சங்கத்தில். வாடகை வீடு மாறி மாறியே தலை நரைக்கிற குடும்பங்களுக்குச் சொந்த வீடு கட்டிக்கொடுக்கிற சங்கம். கட்டிக்கொடுக்கிற என்பதுகூடத் தப்பு. சேர்ந்து கட்டுகிற சங்கம். வீடு கேட்கிற குடும்பத்திலிருந்து ஒருவராவது சனிக்கிழமை தவறாமல் கட்டட வேலைக்கு வந்து நிற்க வேண்டும். ஏற்கெனவே வீடு கிடைத்த குடும்பங்களில் பத்துப் பேராவது, நாங்களும் வருகிறோம் என்று கை தூக்க வேண்டும். பத்துக் கை எழும்பினால் அஸ்திவாரம் தோண்டலாம். எழும்பாவிட்டால் அடுத்த வருடம்வரை பழைய கூட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். இவர்கள் போக, யாரோ ஒருவருக்கு வீடு அமையட்டும் என்று சும்மா வந்து உழைக்கிறவர்களும் உண்டு. பல் டாக்டர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். மொத்தக் கூட்டத்துக்கும் மேஸ்திரி வைத்த பெயர் சனிக்கிழமைக்காரர்கள்.

அத்தனை பேரில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் மேஸ்திரியும் அவருடைய இரண்டு சித்தாட்களும்தான். அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட், கூரை எல்லாம் வார நாட்களில் இவர்கள் பாடு. சுவர் மட்டும் சனிக்கிழமைக்காரர்களுக்கு. கல்லை வைத்து, சாந்தைப் போட்டு, மேலே இன்னொரு கல்லை வைப்பதில் என்ன பெரிய வித்தை என்று சங்கத்தில் யாரோ நினைத்திருக்கிறார்கள். நினைத்தவர் ஒரு நாளும் சாந்து அள்ளுகிற கரணையைப் பிடித்திருக்க மாட்டார்.

அவர்களைக் குறை சொல்லவும் மனசு வராது. வாரம் முழுக்க எங்கெங்கோ உழைத்துவிட்டு, தூங்க வேண்டிய நாளில் தொப்பியும் கையுறையுமாக வந்து நிற்பார்கள். பல் டாக்டர் ஒவ்வொரு செங்கல்லையும் கடைவாய்ப் பல் கட்டுகிறமாதிரி திருப்பித் திருப்பிப் பொருத்துவார். ஒரு மணி நேரத்தில் ஏழு கல். கணக்கு வாத்தியார் பக்கத்து ஆளுக்குச் செங்கோணத்தை விளக்கிக்கொண்டே கோணலாக வைப்பார். சாயங்காலம் பார்த்தால் சுவர் நெஞ்சளவுக்கு எழும்பியிருக்கும், தெருவில் யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறாற்போல் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டு. அதன் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, கை கழுவிவிட்டு, சந்தோஷமாகக் கிளம்பிப் போவார்கள்.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி தனியாக வந்து அதை இடிப்பார்.

சித்தாட்களுக்குத் திங்கட்கிழமை லீவு. அதுவும் அவர் செய்த ஏற்பாடுதான். இரண்டு நாள் சாந்து முழுசாக இறுகியிருக்காது. உளியை வைத்துத் தட்டினால் கல் கல்லாகக் கழன்றுவரும். ஒவ்வொன்றையும் சுரண்டிச் சுத்தம் செய்து அடுக்குவார். தானே கலவை போடுவார், தானே சுமப்பார், குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீழ்வரிசையிலிருந்து ஆரம்பிப்பார். இருட்டுவதற்குள் அதே சுவர் அதே உயரத்தில் நின்றிருக்கும், நூல் பிடித்தாற்போல். அடுத்த சனிக்கிழமை வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்து, "நம்ம கட்டினது எவ்வளவு அழகா இருக்கு பாருங்க மேஸ்திரி" என்பார்கள். மேஸ்திரி தலையை ஆட்டுவார்.

முதல் வீட்டில் இப்படி இல்லை. கோணல் என்று முகத்துக்கு நேரே சொன்னார். சும்மா வந்து உழைத்த ஒரு நர்ஸம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குச் சங்கச் செயலாளர் மேஸ்திரியின் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போனார். தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தாமலே காரியம் சாதிக்கிற ஆள்.

"மேஸ்திரி, இவங்க மனசு நொந்துடக் கூடாது. நொந்துட்டா அடுத்த வாரம் வர மாட்டாங்க. பார்த்து, பதமாப் பண்ணுங்க."

பதமாகப் பண்ணுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. மேஸ்திரியாகத்தான் கண்டுபிடித்தார்.

ஆனால் பழியை முழுக்கச் செயலாளர் தலையில் கட்டிவிட முடியாது. ஒருவருக்குக் கரணை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதென்றால் பத்துத் தடவை சொல்ல வேண்டும். பதினோராவது தடவை அவர் கொட்டாவி விடுவார். அடுத்த வாரம் அவருக்குப் பதில் வேறு ஒருவர் வந்து நிற்பார், மறுபடியும் முதலிலிருந்து. தானே இடித்துத் தானே கட்டினால் வாயைத் திறக்கவே வேண்டாம். வாய் வலிப்பதைவிட முதுகு வலிப்பது மேல் என்று அந்த வயதில் தோன்றியது. அப்போது அவருக்கு நாற்பது. இப்போது ஐம்பத்தொன்பது. இடையில் பத்தொன்பது வருடம், நாற்பத்தேழு வீடு. அத்தனை வீட்டுச் சுவரையும் இரண்டு தடவை கட்டியவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு தடவை கட்டியதற்கு முட்டி இரண்டும் கணக்குத் தீர்த்துவிட்டன. போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை குத்துக்காலிட்டு உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து, சுவரைத் திட்டி, கால் மணி நேரம் போராடி எழுந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முட்டியில் இனி தேய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். குத்துக்கால் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது.

படி ஏறாமல் எப்படி வீட்டுக்குப் போவது? மேஸ்திரியும் மனைவியும் குடியிருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்துநான்கு படி. நாற்பத்தேழு குடும்பத்தைத் தரையில் குடிவைத்தவர், தான் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். ஏறும்போது கைப்பிடிக் கம்பியை இழுத்து இழுத்து ஏறுவார். இறங்கும்போது குழந்தை மாதிரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக இறங்குவார். எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவர்கள் ஒதுங்கி நிற்பதுதான் வலியைவிட அவருக்குப் பொறுக்கவில்லை. வேலையை விட்டார். விட்டபிறகு ஒரு வாரம் கீழே இறங்கவே இல்லை. ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது நாள் மனைவி அவர் முன்னால் வந்து நின்றாள். குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை செய்கிறவள் அவள். நாற்பது குழந்தைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பாள்.

"சங்கத்துல வேலை பார்க்கறவங்க வீடு கேக்கக் கூடாதுன்னு சட்டம் பேசினீங்களே, இப்பத்தான் வேலையில இல்லையே. கேளுங்க."

"எப்படிக் கேக்கறது? வெக்கமா இருக்கு."

"இன்னும் ரெண்டு வருஷம் போனா இந்தப் படியில உங்களால இறங்க முடியாது. அப்புறம் நாலு பேரு வந்துதான் இறக்கணும். அதுக்கு வெக்கப்படுங்க."

முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மேஸ்திரி விண்ணப்பத் தாளை வாங்கிவந்து நிரப்பினார்.

கை தூக்குகிற கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பன்னிரண்டாவதாகக் கட்டிய வீட்டு முன்னறையில் நடந்தது. இருபது குடும்பத்துக்கு மேல் வந்திருந்தார்கள். இடமில்லாமல் சிலர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள், ஏற்கெனவே வீடு கிடைத்த ஆட்டோக்காரர் ஒருவர் கையைத் தூக்கிவிட்டார்.

"இவருக்கு இல்லாத வீடா? நான் ரெண்டு கையும் தூக்கறேன். கணக்குல ரெண்டாவே வெச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, வழக்கம்போல் தையல்காரம்மாவைப் பார்த்தார்கள். எந்தச் சனிக்கிழமைக்கு யார் வேலைக்கு வருவது என்று எழுதி வைப்பவர் அவர்தான். உடுப்புக் கம்பெனியில் இருபது வருடமாக மெஷினில் உட்கார்ந்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் பிடித்த பிடியை விட மாட்டார். அவர் பெயர் எழுதவில்லை என்றால் வேலை நடக்கிற இடத்தில் ஒரு ஈ காக்கா இருக்காது. அவருடைய கை மடியிலேயே இருந்தது. ஆட்டோக்காரரின் இரண்டு கையும் மெல்ல இறங்கின.

"எனக்கு ஒண்ணு கேக்கணும் மேஸ்திரி" என்றார் தையல்காரம்மா. கைப்பையைத் திறந்து, ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்து, எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். கோட்டில் தைக்கிற பெரிய பச்சைப் பட்டன். ஓரத்தில் காய்ந்த சாந்து ஒட்டியிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

"பட்டன்மா."

"எங்க இருந்ததுன்னு தெரியுதா?"

மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்டு சமையலறை ஜன்னல் பக்கத்துச் சுவர்ல. பதினோரு வருஷம் ஆச்சு. நானும் என் சின்னவளும் கட்டின சுவர். அவளுக்கு அப்ப ஆறு வயசு. நாம கட்டினதுக்கு அடையாளம் வைக்கலாம்மான்னு, ஈரச் சாந்துல இதை அழுத்தி வெச்சா. அடுத்த சனிக்கிழமை ஓடிப் போய்ப் பார்க்கறா, பட்டனைக் காணோம். சாந்துக் கோடெல்லாம் ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி இருக்கு. நாங்க கட்டினது அப்படியா இருந்துச்சு? பின்பக்கம் இடிபாட்டைக் கிளறினா இது கிடக்குது."

தையல்காரம்மா பட்டனை மேஸ்திரி பக்கம் நகர்த்தினார்.

"நான் தைக்கறவ மேஸ்திரி. என் தையல் கோணிச்சுன்னா சூப்பர்வைசர் துணியைக் கொண்டுவந்து என் மேசையிலதான் போடுவார். தச்சவதான் பிரிக்கணும், தச்சவதான் திரும்பத் தைக்கணும். அழுகை அழுகையா வரும். ஆனா அடுத்த துணி கோணாது. நீங்க என்னைக் கேக்காம என் தையலைப் பிரிச்சுட்டீங்க. பதினோரு வருஷமா அந்தச் சுவர்ல சாஞ்சு உக்காரும்போதெல்லாம், யார் வீட்டுலயோ உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு எனக்கு."

ஆட்டோக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "மேஸ்திரி, எங்க வீட்டு முன்சுவர்? என் மச்சானைக் கூட்டிட்டு வந்து காட்டினேனே, நான் கட்டினதுன்னு! அவன் படம் வேற எடுத்துக்கிட்டுப் போனானே!"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "அதுவும்தாம்பா."

ஆட்டோக்காரர் அப்படியே உட்கார்ந்தார். செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "இதுல பாதுகாப்பு சம்பந்தமா சில விஷயம்..."

"பாதுகாப்பு இல்லைங்க" என்று மேஸ்திரி அவரை நிறுத்தினார். பத்தொன்பது வருடத்தில் செயலாளர் பேச்சை அவர் வெட்டியது அதுதான் முதல் தடவை. "சிலது ஆபத்தான சுவர்தான். மீதியெல்லாம் அப்படியே விட்டிருந்தாலும் நின்னிருக்கும். எனக்குச் சலிப்பு, அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க சலிப்பு. நீங்க போனப்புறம் நானே பண்ணிடறது சுலபமா இருந்துச்சு. உங்களுக்கு ஒரு சொல்லு சொல்லியிருக்கணும். சொல்லலை. தப்புதான்மா."

தையல்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இளகிவிட்டார் என்று சொல்ல முடியாது. பட்டனை எடுத்துப் பொட்டலத்தில் மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தார்.

"உங்க வீட்டுக்கு நாங்க வரோம். ஆனா திங்கக்கிழமை வேலை கிடையாது. கோணல்னா எங்க முகத்தைப் பார்த்து சொல்லணும், நாங்களே இடிச்சு நாங்களே கட்டுவோம். எங்களுக்குத் தெரியாம ஒரு கல்லைத் தொட்டாலும் அதோட சரி. அடுத்த சனிக்கிழமை ஒருத்தரும் வர மாட்டோம். அரைச் சுவரோட நீங்களே பார்த்துக்குங்க."

பிறகு கையைத் தூக்கினார். ஒவ்வொன்றாக மற்றக் கைகளும் எழும்பின. ஆட்டோக்காரர் கடைசியாகத் தூக்கினார், ஒரு கை மட்டும்.

அன்று மாடி ஏறும்போது மேஸ்திரி இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தம்மா கேட்டது நியாயம்தான்" என்றாள்.

"தெரியுது."

"உங்க முட்டியைத் தின்னது வயசு இல்ல. திங்கக்கிழமை. தைலம் தேச்சுவிடும்போதெல்லாம் சொன்னேன், நீங்க காதுல போட்டுக்கலை. அவங்களுக்குக் கத்துக்கொடுத்திருந்தா அவங்க கையும் தேறியிருக்கும், உங்க காலும் மிஞ்சியிருக்கும்."

மேஸ்திரி எழுந்து கம்பியைப் பிடித்தார். இன்னும் பதினெட்டுப் படி இருந்தது.

மனை சின்னது, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் வருகிற அளவு. சித்தாட்களில் மூத்தவரே இப்போது சங்கத்துக்கு மேஸ்திரி. அஸ்திவாரத்தை அவர் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் குடும்பத்தின் சார்பில் மனைவி வேலையில் நின்றாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கலவை போட்டாள், செங்கல் நனைத்தாள், பல் டாக்டரைப் பார்த்து, "டாக்டர், அது பல் இல்ல, கல்லு. வலிக்காது, போட்டு வைங்க" என்று விரட்டினாள். மேஸ்திரிக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அதை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று எல்லோரும் கூடிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் முன்னால் ஒரு கல் கோணலாக இறங்கும், கை பரபரக்கும், வாய் திறக்க வேண்டும். திறந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மத்தியானம் ஆவதற்குள் தொண்டை கட்டிவிடும். வீட்டுக்குப் போகும்போது சுவர் கட்டிய நாளைவிட அதிகமாக உடம்பு அசந்திருக்கும்.

ஐந்தாவது சனிக்கிழமை, படுக்கையறையின் ஜன்னல் சுவர். தையல்காரம்மா தன் பங்குக்கு அதை எடுத்துக்கொண்டார். பதினோரு மணிக்குச் சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"வந்து பிடிச்சுப் பாருங்க."

மேஸ்திரி எழுந்துபோய்ப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டார். குண்டு ஆடி அடங்கியது. பழைய பழக்கத்தில், பரவாயில்லம்மா, நல்லா வந்திருக்கு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கோணல்" என்றார்.

"எவ்வளவு?"

"ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம். மூணாவது வரிசையில ஆரம்பிச்சிருக்கு."

"இடிக்கணுமா?"

"இடிக்கணும்."

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தையல்காரம்மாவின் முகம் சிவந்தது. திரும்பிப் போய், மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார். ஈரச் சாந்தைச் சுரண்டினார். கல்லை அடுக்கினார். நர்ஸம்மாவுக்கு வந்த மாதிரி இவருக்கும் கண்ணீர் வருகிறதா என்று மேஸ்திரி பயந்துகொண்டே பார்த்தார். வந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு நூலைக் கட்டச் சொன்னார்.

மேஸ்திரி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கையையே பார்த்தார். பத்தொன்பது வருடமாக அவர் பார்த்ததெல்லாம் சுவர்தான். கட்டுகிற கையை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. கல்லைச் சாந்தில் வைத்ததும் தையல்காரம்மா உள்ளங்கையால் அதை வெளிப்பக்கமாக ஒரு நீவு நீவினார். ஊசிக்கடியில் தள்ளுவதற்கு முன்னால் துணியைச் சுருக்கம் எடுக்கிற நீவல். ஒவ்வொரு நீவலுக்கும் கல்லின் வெளி ஓரம் துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நீவாதீங்கம்மா" என்றார் மேஸ்திரி.

"என்ன?"

"துணியை நீவற மாதிரி நீவறீங்க. வெளி ஓரம் அமுங்கிப்போகுது, அதனாலதான் சுவர் சாயுது. கையை எடுத்துடுங்க. கரணைப் பிடியால நடுவுல ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான்."

தையல்காரம்மா தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல். பதினோரு வருடத்துக்கு முன்னால் சமையலறை ஜன்னல் பக்கத்திலும் இதே கைதான் இப்படி நீவியிருக்கும். அன்றைக்குப் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால், இந்த இரண்டு வாக்கியத்தில் தீர்ந்திருக்கும். மேஸ்திரிக்கு அது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இப்படி நாற்பத்தேழு வீட்டில் எத்தனை கை, எத்தனை வாக்கியம் என்று யோசிக்கவே ஆயாசமாக இருந்தது.

இரண்டாம் தடவையும் கோணியது, இந்த முறை உள்பக்கம். நீவக் கூடாது என்ற பயத்தில் இழுத்துப் பிடித்துவிட்டார். இடித்தார்கள். மூன்றாம் தடவை கட்டி முடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் சுவர் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார், செங்கோணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டோக்காரர் அன்றைக்கு முழுதும் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. யாருக்கும் படம் எடுக்கத் தெம்பு இல்லை.

மேஸ்திரி குண்டைத் தொங்கவிட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"கால்வாசி விரக்கடை கோணல்" என்றார்.

தையல்காரம்மாவின் விரல் நுனியெல்லாம் சாந்து அரித்து வெடித்திருந்தது. "இடிக்கவா?" என்றார். கேட்டுவிட்டு உளியையும் எடுத்துவிட்டார்.

"வேண்டாம்மா. இது நிக்கும். விட்டுடலாம்."

"என் மனசு நொந்துடும்னு சொல்றீங்களா?"

"காலையிலருந்து ரெண்டு தடவை நோகடிச்சாச்சு. மூணாவது தடவைக்குப் பயப்படுவேனா? நிஜமாவே நிக்கும்."

தையல்காரம்மா உளியைக் கீழே போட்டார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவர் முகத்தில் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. கிளம்புகிறேன் என்றுகூடச் சொல்லாமல் குழாயடிக்குப் போனார். மேஸ்திரியை மனைவி பஸ்ஸுக்கு அழைத்துப் போனாள். மற்றவர்கள் சாமான்களை ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு முழுக்க மேஸ்திரியின் மண்டைக்குள் அந்தக் கால் விரற்கடை குடைந்துகொண்டிருந்தது. நிற்கும்தான். ஆனால் சாகிறவரைக்கும் தினமும் காலையில் கண்ணைத் திறந்ததும் முன்னால் நிற்கப்போவது அந்தச் சுவர். குண்டு மேஸ்திரியின் சொந்த வீட்டுச் சுவரில் எவனாவது ஒருவன் குண்டு போட்டுப் பார்த்தால்? ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் நூல் பிடித்து நிறுத்திவிட்டு, தன் வீட்டில் மட்டும் கோணலோடு கிடக்க வேண்டுமா? மேல் மூன்று வரிசையை மட்டும் எடுத்து வைத்தால் போதும். அரை நாள் வேலை. யாருக்குத் தெரியப்போகிறது?

திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கிவிட்டது. கதவு மூலையில் பழைய பை இருந்தது, அதற்குள் சுத்தியலும் உளியும். மனைவி மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஐம்பத்துநான்கு படியையும் பின்பக்கமாக இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

மனையில் ஒரு ஆளும் இல்லை. செங்கல் அடுக்கு, தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்து வைத்த சாந்துச் சட்டிகள். பத்தொன்பது வருடமாக அவருக்குப் பழகிய திங்கட்கிழமை. பையை இறக்கி வைத்து, குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கால் விரற்கடை அப்படியே இருந்தது. கை சுத்தியலைத் தேடியது. தேடவில்லை என்றால் பொய். சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று மேல் வரிசையைத் தடவிக்கொண்டே வந்தார்.

மேலிருந்து இரண்டாவது வரிசைச் சாந்தில் வழுவழுப்பாக ஏதோ விரலில் பட்டது. குனிந்து பார்த்தார். பச்சைப் பட்டன்.

அவர் பஸ் ஏறியபிறகு வைத்திருக்க வேண்டும். பதினோரு வருடம் பைக்குள் பத்திரமாக இருந்ததை எடுத்து, இந்தச் சுவரில், இவரை நம்பி. நம்பித்தானா, இல்லை சோதித்துப் பார்க்கவா? இரண்டும் இருக்கலாம், தையல்காரம்மாவை அப்படி லேசில் கண்டுபிடித்துவிட முடியாது. நகத்தால் மெல்ல நெம்பிப் பார்த்தார். சாந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. உளி வைத்தால்தான் வரும்.

உளியைக் கீழே வைத்தார். சுத்தியலையும் வைத்தார். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அந்த ஆறு வயதுக் குழந்தை ஓடிவந்து சுவரைத் தடவித் தேடியதை நினைத்து அழுதார். தேடுகிற நேரத்தில், பக்கத்தில் எங்கேயோ நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்த தன்னை நினைத்தும் அழுதார். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். முட்டி இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. வெயில் வந்து சுவர்மேல் விழுந்தது.

போன் அடித்தது. மனைவி.

"இடிச்சுட்டீங்களா?" என்றாள், எடுத்த எடுப்பில்.

"இல்ல."



"அப்ப அங்க என்ன பண்றீங்க?"

மேஸ்திரி சுவரைப் பார்த்தார், கீழே கிடந்த சுத்தியலைப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ணலை" என்றார். "சும்மா உக்காந்திருக்கேன்."